பிடுங்கி வைத்த பிளக்

இது முழுக்க முழுக்க நடந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கண்ணால் கண்ட சாட்சிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர், தன் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம் என்றும் சொல்லிக்கொண்டு திரிகிறவர். ஆகையால் இன்னொரு சாட்சியை, அதாவது அவருடைய மனைவியை, நம்பித்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் ஒரு டைல்ஸ் கடையில் மேலாளர். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி அவர் ஊர்வன நிபுணர். பட்டம் கொடுத்தவரும் அவரே. ஞாயிறு காலைகளில் செல்போனை முக்காலியில் நிறுத்தி, ‘கண்ணாடித் தொட்டியை ஆபத்தில்லாமல் சூடாக்குவது எப்படி’ என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாடம் எடுப்பார். கேட்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். பாதிப் பேர் அவர் கடையில் வேலை பார்ப்பவர்கள். கேட்காவிட்டால் லீவு கிடைக்காது.

அவளுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை. பல்வலிக்காரர்கள் காலையிலிருந்து எரிந்து விழுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே டோக்கன் கொடுப்பாள். அங்கே விழுங்கிய கோபமெல்லாம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தொண்டைவரை வந்து நிற்கும்.

மகளின் அறையில், கட்டிலை ஒட்டி அந்தக் கண்ணாடித் தொட்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே ஒரு சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி. மகள் வைத்த பெயர் மகாராணி. மகாராணிக்குச் சொந்தச் சூடு கிடையாது. அதனால் தொட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் அடியில் கரண்டில் சூடேறும் பாய். பாய் கொதித்துவிடாமல் இருக்க, சூட்டைக் காட்டும் மீட்டரோடு ஒரு தெர்மோஸ்டாட். அதிலிருந்து ஒரு சென்சார் ஒயர். அதன் முனை பாயின்மேல் படிந்திருந்தால், சூடு அளவைத் தொட்டதும் தெர்மோஸ்டாட் தானே கரண்டை நிறுத்திவிடும். இதெல்லாம் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பாடம் எடுத்ததுதான்.

ஒருநாள் சாயங்காலம், தெர்மோஸ்டாட்டின் பிளக் பிடுங்கியிருந்தது. ஒயர் அழகாகச் சுருட்டித் தொட்டியின் மூடிமேல் வைத்திருந்தது.

"எதுக்குப் பிடுங்கின?" என்றார் நிபுணர், பிளக்கை மறுபடி மாட்டிக்கொண்டே.

"நான் ஏங்க பிடுங்கறேன்? எனக்கு வேற பொழப்பு இல்லையா?"

"மீட்டரைப் பாரு. இருபத்துநாலு. ஜில்லுன்னு கிடக்கு. குளிர்ல அது செத்தா நீதான் பொறுப்பு."

"அதைக் கொல்லணும்னா சுருட்டி வெச்சுட்டு உக்காந்திருக்க மாட்டேன்."

மகள் வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அம்மா அறைக்குள் வந்தால், குழந்தை ஓடிப்போய்த் தொட்டியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றது. "தொடாதம்மா."

அந்த ஒரு சொல். ஊரார் எரிந்து விழுந்ததையெல்லாம் தாங்கியவளுக்கு அது தாங்கவில்லை.

மறுநாளும் பிளக் வெளியே. அதற்கு மறுநாளும். அவள் ஒயரை உற்றுப் பார்த்தாள். எட்டுப் போட்ட மாதிரி சுருட்டி, நுனியை உள்ளே செருகியிருந்தது. இந்த வீட்டில் யாரும் அப்படிச் சுருட்டுவதில்லை. செல்போன் சார்ஜரைக்கூடத் தொங்கவிட்டுப் போகிற மனிதர் அவர்.

பிறகு சுருட்டுவது நின்றது. ஒயர் மூலையில் வீசிக் கிடந்தது. இன்னொரு நாள், பிளக்கின் ஒரு பின் வளைந்தே இருந்தது.

யாருக்கோ கோபம் ஏறிக்கொண்டிருந்தது.

நிபுணர் பின்னை நிமிர்த்தினார். பிளக்கை மாட்டி, சுவரோடு சேர்த்துக் கறுப்பு டேப் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தில், "வீட்ல வெவரம் தெரியாதவங்க இருந்தா பிளக்குக்கும் ஒரு பாதுகாப்பு தேவைப்படுது நண்பர்களே" என்றார். சமையலறையில் அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. அவள் பட்டமேற்படிப்பு முடித்தவள். அவருக்குக் கல்லூரியில் இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி.

‘கையும் களவுமாப் பிடிக்கிறேன், இரு’ என்று கறுவிக்கொண்டாள்.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? அன்றைக்கு மத்தியானம். ஜன்னலில் நல்ல வெயில். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர்தான் வருவார். தானே பிடுங்கிவிட்டுப் பழியை அவள்மேல் போடுகிறார். வரட்டும்.

மூன்று பத்து.

கிர்ர்ர்...

டேப் உரிகிற சத்தம்.

அவள் நிமிர்ந்தாள். பக்கத்து அறையில் அவருடைய குறட்டை சீராகக் கேட்டது.

கிர்ர்ர்... கிர்ர்ர்...

டேப் கிழியவில்லை. நுனியைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு அடுக்காகப் பிரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாருமில்லை.

பிளக் அசைந்தது. இடது... வலது... இடது...

ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று தெரிந்த கை.

வெளியே வந்தது.

அந்தரத்தில் நின்றது.

குறட்டை நிற்கவில்லை.

பிறகு... சடார்! அவள் காலடியில் வந்து விழுந்தது.

அப்போதுதான் மூக்கில் ஏறியது.

தீய்ந்த வாசனை.

அவள் தொட்டிக்கு அடியில் கையை விட்டாள். சுரீர் என்றது. பாய் படிந்திருந்த மரப்பலகை கறுத்திருந்தது. மகாராணி எதிர்மூலைக் கண்ணாடியோரம் ஒடுங்கிக்கொண்டு வாயைப் பிளந்திருந்தது. பக்கத்தில் தொங்கிய போர்வையின் நுனி, மகளின் போர்வை, பழுப்பாகப் பொரிந்திருந்தது.

பிளக்கைப் பிடுங்கியதும் மீட்டர் அணைந்துவிட்டது. ஆனால் இத்தனை நேரமும் அது இருபத்துநாலுதான் காட்டியது. அவள் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாள்.

சென்சார் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது தொட்டிக்குப் போகவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் போனது. அங்கே, ஏசிக் காற்று நேராக அடிக்கிற இடத்தில், ஜன்னல் சட்டத்தில் அதன் முனையை ஒட்டிவைத்திருந்தது. ஏசிக் குளிரை அளந்துகொண்டு, தெர்மோஸ்டாட் பாயை நிறுத்தவே இல்லை.

மகளை வாரித் தூக்கிக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் குறட்டை நின்றது.

"சென்சாரை ஏங்க எடுத்து இங்க ஒட்டினீங்க?"

நிபுணர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "அந்த ஒயர்... வீடியோல அசிங்கமாத் தெரிஞ்சுது."

"அசிங்கமாவா? பிள்ளை படுத்திருக்கிற கட்டில்யா அது! பிடுங்குறா பிடுங்குறான்னு பிள்ளைகிட்ட என்னைக் கொலைகாரி ஆக்கினியே!"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் ‘யா’ போட்டது அன்றுதான்.

"இதப் பாரும்மா, டெக்னிக்கலாப் பார்த்தா..." என்று அவர் ஆரம்பித்தார்.

தரையில் கிடந்த ஒயர் சர்ரென்று எழுந்தது.

அவர் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்தது.

பிறகு கீழே விழுந்து, சும்மா கிடந்தது.

தொட்டியை விற்ற பெண்மணிக்கு மறுநாள் அவள் போன் செய்தாள். வாங்கும்போது, தொட்டியை வைத்திருந்தவர் இடம் மாறிப் போய்விட்டார் என்று சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, நெசமாச் சொல்லுங்க. இது யாரோடது?"

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரோட அண்ணனோடதும்மா. ரெண்டு தொட்டி வெச்சிருந்தாரு. படுக்கிற ரூம்ல இருந்ததுல சென்சார் கழண்டு விழுந்து, பாய் தீப்பிடிச்சிருச்சு. அவரு வெளிய ஓடியிருக்கலாம். ஹால்ல இன்னொண்ணு ஓடிக்கிட்டிருக்கேன்னு புகைக்குள்ள வந்து பிடுங்கியிருக்காரு. அங்கேயே விழுந்துட்டாரு."

"ஹால்ல இருந்தது..."

"உங்க வீட்ல இருக்கிறதுதாம்மா. கைக்குள்ள பிளக்கு. விரலைப் பிரிச்சு எடுக்கவே முடியல."

"அந்தப் பிளக்கு என்னாச்சுக்கா?"

"நல்லாத்தான இருந்துச்சுன்னு தொட்டியோடயே குடுத்துட்டோம்."

இப்போது பாய் புதிது, ஒயர் புதிது. சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதை ஒட்டியவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து டேப் வெட்டிக் கொடுத்தது மகள். மகாராணி நலம். பிளக் அதற்குப் பிறகு ஒருநாளும் கழன்றதில்லை. பிடுங்கியவர் எங்கே போனார், யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பாடங்கள் வழக்கம்போல நடக்கின்றன.

தினமும் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் நிபுணர் தொட்டியைப் பார்த்து, "போடட்டுமாண்ணே?" என்று சன்னமாகக் கேட்கிறார். பதில் வராததால், மனைவியைக் கூப்பிட்டுப் போடச் சொல்கிறார்.