சொம்பில் நின்ற ஆடு

புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாசம் விரலிடுக்கில் ஏறிவிட்டால் அன்று முழுக்கப் போகாது. சோற்றைப் பிசைந்தாலும் அதுதான், நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாலும் அதுதான். நான் எட்டாம் வகுப்பு படித்த வருடத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் அந்த வாசத்தோடுதான் கழிந்தன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பைத் துணிப்பையில் போட்டு, சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தேவனாம்பட்டினத்துக்கு மிதித்துப் போவேன். அங்கே அஞ்சலை அக்கா வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தச் சொம்பில் முகம் தெரியும்வரை தேய்ப்பது என் பொறுப்பு. அவர்கள் வீட்டில் இருந்ததெல்லாம் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும். பரீட்சைக்குப் பித்தளைதான் வைப்பார்கள் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

அஞ்சலை அக்கா எங்கள் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். பாடம் நடத்துவதாக அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. தனியாக உட்கார்ந்து படம் போட்டால் வீட்டில் ஆளுக்கொரு வேலை சொல்லி எழுப்பிவிடுவார்கள். எதிரே மூன்று பள்ளிக்கூடப் பெண்கள் அட்டையும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்திருந்தால் அது "டியூஷன்" ஆகிவிடும், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அந்த மூன்று பேரில் நான் ஒருத்தி. காவலுக்கு அழைத்து வரப்பட்டவர்கள் நாங்கள் என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாது.

அவளுக்கு அந்த வருடம் அரசு நடத்தும் ஓவியப் பரீட்சையில் "ஹையர்" எழுத வேண்டியிருந்தது. "லோயர்" முன்பே முடித்துவிட்டாள். ஹையரும் தேறினால் ஓவிய ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாம். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர், சத்தம் போட்டுப் பேசாதவர், சொன்னால் சொன்னதுதான். அவர் அவளிடம் சொன்னதை நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். "ஒரு வாட்டிதான் கண்ணு. பாஸாயிட்டேன்னா நீ படி, நான் குறுக்க நிக்கல. இல்லேன்னா தை மாசம் அத்த வூட்டுக்குக் குடுத்துடுவேன்." அத்தை மகன் குடிகாட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அக்கா அவரைப் பற்றி நல்லதாகவும் பேசவில்லை, கெட்டதாகவும் பேசவில்லை. பரீட்சைக்கு இன்னும் எத்தனை சனிக்கிழமை என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை செய்யும் விதம் தனி. வண்ணப்பெட்டியில் வெள்ளையைத் தொடவே மாட்டாள். பேப்பரே வெள்ளையாக இருக்கும்போது அதன்மேல் எதற்கு இன்னொரு வெள்ளை என்பாள். முதலில் தாளை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பாள். பிறகு அட்டையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சாய்த்துப் பார்ப்பாள், ஈரத்தின் "மினுக்கு" அடங்கிவிட்டதா என்று. அடங்கும் முன் பிரஷ்ஷை வைத்தால் வண்ணம் சிதறி ஓடும், அடங்கி வெகுநேரம் ஆகிவிட்டால் ஓரம் கோடுகோடாக நின்றுவிடும். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடிக்க வேண்டும், மேலக்காற்று அடிக்கிற நாளில் அது இன்னும் கொஞ்சமாகிவிடும். அதற்கெல்லாம் முன்னால், எதிரே இருக்கிற சொம்பை ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களுக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிய அறுவை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பாள், நாங்கள் மூவரும் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல இடது பக்கம் என்போம். அது எப்போதும் இடது பக்கத்திலிருந்துதான் வந்தது. அந்த அறைக்கு இருந்தது ஒரே கதவு, அது கடலைப் பார்த்த கதவு, எங்களுடைய இடது தோள் அந்தப் பக்கம்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் மாறி உட்காரலாம் என்றால் அங்கே வலை மூட்டையும் ஐஸ் பெட்டியும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

சொம்பின் வயிற்றில் அந்தக் கதவு வளைந்து நீண்ட ஒரு வெள்ளைப் பட்டையாக விழும். அக்கா அந்த இடத்தை மட்டும் வண்ணம் படாமல் விட்டுவிடுவாள். பட்டையின் கீழ்முனையில் கொஞ்சமாகக் கடித்து எடுத்ததுபோல ஒரு கறுப்பு வைப்பாள். அவ்வளவுதான், தாளில் இருந்த மஞ்சளும் பழுப்பும் பித்தளையாகிவிடும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது மாதத்தில் அந்தப் பட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன், கீழ்முனைக் கறுப்போடு. பிரஷ்ஷை அவளைப் போலவே வால்பக்கம் பிடித்தேன், அவளைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொண்டேன். சனிக்கிழமை மாலை அவளுடைய பழைய படங்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வைத்துப் பார்த்து வரைந்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பேன். மணலில் ஏற்றிய படகு, வலைக்குவியல், மீன்கூடை, எல்லாவற்றையும் வரைந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் அப்படியே அந்தப் பெண் போட்டது மாதிரி இருக்கிறதே என்றால் எனக்குத் தலைகால் புரியாது. அக்காவும் ஒருமுறை என் சொம்பைப் பார்த்துவிட்டு, அந்தக் கறுப்பைத் தொட்டுக்காட்டி, நன்றாகப் பார்த்துப் போட்டிருக்கிறாய் என்றாள். நான் பார்த்தது அவளுடைய தாளை. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பரீட்சை சிதம்பரத்தில் நடந்தது. எங்களுக்கு லோயர், அவளுக்கு ஹையர், நான்கு பேரும் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். தேர் ஓடும் வீதி ஒன்றில் இருந்த பள்ளிக்கூடத்தில், பெரிய கூடம் ஒன்றிலேயே இரண்டு வகுப்பாரையும் உட்கார வைத்தார்கள். அவள் முன்வரிசை, நான் இரண்டு வரிசை தள்ளி அவளுக்குப் பின்னால். நடுவே ஸ்டூல் போட்டு ஒரு பித்தளைக் குடமும் இரண்டு கத்தரிக்காயும் வைத்திருந்தார்கள். பித்தளையைக் கண்டதும் எனக்குப் பாதி பரீட்சை முடிந்ததுபோல இருந்தது. அந்தக் கூடத்துக்கு ஜன்னல்கள் எல்லாம் வலது பக்கம். அது எனக்குத் தெரிந்தது திரும்பி வரும் பஸ்ஸில்தான்.

நான் மளமளவென்று வரைந்தேன். குடத்தின் இடது வயிற்றில் வெள்ளைப் பட்டை, கீழ்முனையில் கறுப்பு, முக்கால்வாசி நேரத்தில் எல்லாம் முடிந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முன்வரிசையில் அஞ்சலை அக்கா கையைத் தூக்கி வேறு தாள் கேட்பதைப் பார்த்தேன். பாதிக்குமேல் முடிந்திருந்த படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் புதிதாக ஆரம்பித்தாள். தாளை ஒற்றினாள், அட்டையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினாள், காத்திருந்தாள். மேற்பார்வையாளர் நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். மணி அடித்தபோது அவளுடைய குடத்துக்குக் கீழ்ப்பாதியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் பிரஷ்ஷையே துடைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் பொறுக்கமாட்டாமல், முதலில் போட்டதையே முடித்திருக்கலாமே என்று கேட்டேன்.

"வெளிச்சம் அந்தப் பக்கம் இல்லையேடி. நானும் பாக்காமலே எடது பக்கம் விட்டுட்டேன். எங்க வூட்டுக் கதவு எதுக்கு அங்க வரும்?"

பிறகு, நான் எந்தப் பக்கம் விட்டேன் என்று கேட்டாள். இடது பக்கம்தான், கீழே அந்தக் கறுப்பும் வைத்தேன் என்று நான் பெருமையாகவே சொன்னேன். மற்ற இருவரும் தாங்களும் வைத்ததாகச் சொன்னார்கள். அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அது என்னான்னு நெனச்சீங்க?"

அப்படித்தானே அக்கா போடுவீங்க என்றேன்.

"அது எங்க ஆடுடி. வாசப்படியில கட்டிக் கெடக்கும்ல, அது நிக்கிறது சொம்புல தெரியும்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிதம்பரத்துப் பரீட்சைக் கூடத்தில் மூன்று குடங்களில் தேவனாம்பட்டினத்து ஆடு நின்றுகொண்டிருப்பதை நினைத்து நினைத்துச் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள், நாங்களும் சேர்ந்து சிரித்தோம். எங்கள் சிரிப்பு முடிந்த பிறகும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குடிகாட்டுப் பக்கம் வந்தபோது ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். இத்தனை மாதமாக எதிரே வைத்துச் சொல்லிக் கொடுத்தும் மூன்று பேரில் ஒருத்தியும் சொம்பைப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அந்தப் பஸ்ஸில்தான் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவு வந்தபோது நாங்கள் மூன்று பேரும் பாஸ். அஞ்சலை அக்கா ஃபெயில். தாளைத் திருத்தியவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் எங்கோ ஓர் ஊரில் இருந்து திருத்தினார், ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? முடித்த குடம் முடித்த குடம்தான், பாதிக் குடம் பாதிக் குடம்தான். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைத்து எழுத விருப்பமில்லை. அவள் அப்பா சொன்ன சொல் மாறவில்லை, தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் எனக்கு இரண்டாம் முறை பாயசம் விடச் சொன்னது அக்காதான்.

அதன்பிறகு நான் ஹையர் எழுதி, அவள் போக நினைத்த அதே பயிற்சிக்குப் போனேன். அங்கே ஒரு வாத்தியார் இருட்டறையில் பானையை வைத்து விளக்கை இடம் மாற்றி மாற்றி எங்களை வரையச் சொன்னபோது, என் கை மட்டும் இடது பக்கத்திலேயே நின்றது. மற்றவர்கள் முடித்துவிட்டுப் போன பிறகும் நான் அந்தப் பானை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் ஐந்து நிமிடம் எதற்கு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அவள் கொடுத்ததை விட்டுவிட்டு, கொடுக்காததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று மிகவும் வெட்கமாக இருந்தது. இவ்வளவும் புரிந்த பிறகாவது அவளைப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

சுனாமியில் தேவனாம்பட்டினத்து வீடு போயிற்று. ஆட்கள் தப்பினார்கள். அவள் தாய்வீட்டில் தகரப்பெட்டியில் விட்டுவைத்திருந்த படங்கள் எல்லாம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது நான் கடலூரில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. வாரத்துக்கு இரண்டு பாடவேளை, அதில் ஒன்றைக் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார். மீதி ஒன்றில் பிள்ளைகள் வீட்டில் செல்போனைப் பார்த்து வரைந்ததைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், ஒரு சொம்பை எதிரே வைத்து ஐந்து நிமிடம் பார்க்கச் சொன்னால் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். சென்ற வருடம் எட்டாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பெண் நன்றாக வரைந்தாள். பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா வந்தபோது, தலையில் நரை விழுந்திருந்தாலும், அஞ்சலை அக்கா என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் அக்கா என்று எழுந்தேன். "உக்காருங்க டீச்சர்" என்றாள். அந்தப் பெண் அவளுடைய கடைக்குட்டி. கல்யாணத்துக்குப் பிறகு பிரஷ்ஷைத் தொடவே இல்லையாம், அதற்கெல்லாம் எங்கே நேரம் என்றாள். நானும் அவளை "வாங்க, போங்க" என்றுதான் பேசினேன், எட்டாம் வகுப்பிலும் அப்படித்தான் பேசினேன். அவள் என்னை அப்படிப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் அவளைப் பள்ளிக்கு வரச்சொல்லி, என் பீரோவில் கிடந்த பழைய ஃபைலை எடுத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படங்களைப் பார்த்து வரைந்த பதினொரு தாள்கள் அதில் இருந்தன. அவள் வரைந்தவை ஒன்றும் மிஞ்சாததால், அவை எப்படி இருந்தன என்பதற்கு இனி இவைதான் உலகத்தில் சாட்சி. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். படகில் கொஞ்சம் நின்றாள், மீன்கூடையில் வெகுநேரம் நின்றாள். மகள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சர் சின்ன வயதிலேயே இவ்வளவு நன்றாகப் போடுவீர்களா என்று கேட்டாள். இதெல்லாம் உன் அம்மா போட்ட படங்கள், நான் பார்த்துப் போட்டேன், அவ்வளவுதான் என்றேன். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்கம்மாவா? எங்கம்மாவுக்குக் கோலமே கோணலாத்தான் டீச்சர் வரும்."

நான் உண்மைதான் என்று அழுத்திச் சொல்வதற்குள் அக்கா ஃபைலை மகள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"டீச்சர் சும்மா சொல்றாங்கடி. கீழ யாரு பேரு போட்டிருக்குன்னு படிச்சுப் பாரு."

அவள் குனிந்து, என் பெயரையும் வகுப்பையும் பிரிவையும் சத்தமாகப் படித்தாள்.