உம்மாவின் இடுப்பு நோவு

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், உம்மா கதிரையில் உட்கார்ந்து தொழத் தொடங்கினார். எங்கள் ஊரான குறிஞ்சாக்கேணியில் அப்படித் தொழுகிறவர்கள் எல்லோரும் பல் விழுந்த கிழவிகள். உம்மாவுக்கு முப்பத்து நான்கு வயது. அரிசி மூட்டையை வாசலிலிருந்து குசினிக்கு இழுத்த ஒரு நாளில் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மூன்று மாதமாகியும் அது விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்ற கேள்விக்கு ஊரில் எல்லோரிடமும் விடை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னாள். வாப்பாவின் அக்காவான மாமி, "ரெண்டு புள்ள பெத்த இடுப்பு நோகாம என்ன செய்யும்?" என்றார். வாப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் பாரம் ஏற்றும் இடத்தில் மேற்பார்வை பார்த்தவர். தைலம் பூசினால் சரிவரும் என்று அவரும் மேற்பார்வையாகவே சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டின் உறுதிப் பத்திரம் உம்மாவின் பெயரில் இருந்தது. அவருடைய இடுப்பு மட்டும் மற்றவர்களின் பெயரில் இருந்தது.

உம்மாவும் யார் கேட்டாலும், "எனக்கு ஒண்டுமில்ல" என்பார். சொல்லிக்கொண்டே கதவு நிலையைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் கிணற்றடியிலிருந்து வரும்போது அவருடைய வலது செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தபோதுதான் காலைக் குனிந்து பார்த்தார். செருப்பு இல்லாதது அந்தக் காலுக்குத் தெரியவில்லை.

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை வாப்பாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். அன்று மாலையே ஓட்டோ பிடித்து நகரத்தில் தனியார் டொக்டரிடம் போய், கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டியோடு வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரையும் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பிஸ்கட் பெட்டிகள் மேசையில் குவிந்தன. கந்தளாயிலிருந்து உம்மாவின் காக்கா, அதாவது அண்ணனான என் மாமாவும் வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது யார்? உம்மாதான். ஒவ்வொரு தட்டத்தையும் வைக்கக் குனியும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். வாப்பாவின் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த சபையில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

எனக்குத் தலை கொதித்தது. ஞாயிறு பகல் சாப்பாட்டின்போது எழுந்து நின்று கத்திவிட்டேன்.

"வாப்பாக்கு ஒரு நாள் கழுத்து நொந்த உடன டொக்டர். உம்மாக்கு மூணு மாசமா நோகுது! செருப்புக் கழண்டதும் தெரியாம நடக்குறாங்க. அவங்களுக்கு டொக்டர் இல்லயா?"

சோறு பிசைந்த கைகள் நின்றன. மாமா உம்மாவைப் பார்த்தார். "ஓமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"சின்னப் புள்ளட கதை காக்கா. நீங்க சாப்பிடுங்க" என்றார் உம்மா. பிறகு என்னைக் குசினிக்குள் இழுத்துப் போய்த் தொடையில் கிள்ளினார். "உன்னட்ட யாரு கேட்ட?" என்றார். யாருக்காகக் கத்தினேனோ அவரே கிள்ளியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மாமா விடவில்லை. அன்று எங்கள் வீட்டிலேயே தங்கி, திங்கட்கிழமை எங்கள் இருவரையும் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நம்பர் துண்டு எடுத்துக் காத்திருந்து, உம்மாவும் நானும் உள்ளே போனோம். டொக்டர் ஓர் இளம் பெண்.

"எவ்வளவு காலமா நோகுது?"

"ரெண்டு கிழமை" என்றார் உம்மா.

"மூணு மாசம்" என்றேன் நான்.

"பாரம் தூக்குவீங்களா?"

"பெருசா இல்ல."

"கிணத்துல தண்ணி அள்ளி ரெண்டு கையிலயும் வாளி தூக்குவாங்க. கால் மரத்துப் போகுது. சொல்ல மாட்டாங்க!"

உம்மா என்னை முறைத்தார். டொக்டர் அவரைப் படுக்க வைத்து வலது காலை நேராக உயர்த்தினார். பாதி உயர்வதற்குள் உம்மா அலறிவிட்டார். அவர் சத்தமிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இத இவ்வளவு நாள் வெச்சுக்கொண்டு இருந்தீங்களா? கால் இழுபட்டா என்ன செய்வீங்க?" என்று டொக்டர் ஏசினார். எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆறு கிழமைக்குக் குனியவும் கூடாது, பாரம் தூக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வழக்கில் வென்ற சட்டத்தரணியைப் போல நான் வெளியே வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் உம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உன்ட ஸ்கொலர்ஷிப் சோதினை எப்ப?"

"இன்னும் ஆறு கிழமை" என்றேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா எங்களை வீட்டில் விட்டுவிட்டுக் கந்தளாய்க்குப் போய்விட்டார்.

மாலையில் வீட்டில் மறுபடி சபை கூடியது. "இதுக்கென்ன யோசனை? பொம்பளப் புள்ள ஒண்டு வீட்டுல இரிக்கிதானே. ஒண்டரை மாசம் பள்ளிக்கூடம் போகாட்டி என்ன குறையும்?" என்றார் மாமி. கழுத்துப் பட்டியோடு தலையாட்ட ஏலாத வாப்பா, "ஓம்" என்று வாயால் சொன்னார். என்னைவிட இரண்டு வயது மூத்த காக்கா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அவன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. வாளி தூக்க இரண்டு கை போதும். அந்த வீட்டில் எத்தனையோ கைகள் இருந்தன. இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது. அன்று எனக்கு அந்தக் கோபமும் வரவில்லை. உம்மாவுக்காக எதையும் செய்யலாம் என்று வீராப்பாக இருந்தேன்.

மறுநாள் விடிய, கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். உம்மா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"டொக்டர் என்ன சொன்ன? விடுங்க, நான் அள்ளுறன்!"

"வெள்ளச் சட்ட மடிச்சு வெச்சிரிக்கன். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடு."

"நான் போகல்ல. மாமி சொல்லிட்டாங்க."

"மாமியா உன்னப் பெத்த?"

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கன்னத்தில் ஓர் அடி வைத்தார். அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனேன். ஆறு கிழமையும் அப்படித்தான் போனேன். டொக்டர் முன்னால் பேசி வென்றதையெல்லாம் வீணாக்கிவிட்டாரே என்று உம்மாவோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. பிடிவாதக்காரி என்று சினேகிதிகளிடம் சொல்லித் திரிந்தேன்.

சோதினைப் பெறுபேறு வந்த அன்று அதிபரே வீட்டுக்கு வந்து, நான் சித்தியடைந்துவிட்டேன் என்றார். வாப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். மாமி சீனி அள்ளி என் வாயில் போட்டார். காக்கா தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினான். உம்மா மட்டும் குசினியிலிருந்து வாசலுக்கு வர வெகுநேரம் எடுத்தார். சுவரில் ஒரு கையை வைத்து, வலது காலைப் பின்னால் இழுத்து இழுத்து வந்தார். என்னில் விருப்பமிருந்தால் ஓடி வந்திருப்பாரே என்று நினைத்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.