இருமினால் பதினஞ்சு

ஆமத்தூர் மாரிசெல்விக்கு வயது பதினொன்று. பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டால் மட்டும் பதினஞ்சு. ஒன்பது வயதில் மத்தாப்புப் பெட்டி அடைக்கப் போன அன்றைக்கே போர்மேன் சங்கிலிமுத்து அதைப் பழக்கிவிட்டார். சோதனைக்கு ஆள் திடீரென்று வந்து நின்றால், அவர் வாசலில் இருமுவார். வயதைக் கேட்டால் பிள்ளைகள் ‘பதினஞ்சு’ என்று ஒப்பிக்க வேண்டும். முன்னாலேயே தகவல் வந்துவிட்டால் இருமலுக்கு வேலையில்லை. பிள்ளைகளைக் குடோனுக்குள் தள்ளி வெளியே பூட்டிவிடுவார்.

போன தீபாவளிச் சீசனில் அப்படிப் பூட்டிய குடோனில்தான் தீப்பிடித்தது. மாரிசெல்விக்கு இடது கை வெந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பானுப்பிரியா வீடு திரும்பவில்லை.

விருதுநகர் கோர்ட்டில் இன்றைக்கு அவள் சாட்சி. கூண்டில் நிற்கும் சங்கிலிமுத்துவின் முகம் பிள்ளை கண்ணில் படாதபடி, ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி வைக்கிற மாதிரி ஒரு பச்சைத் துணித் தடுப்பு வைத்திருந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்விகளைத் தாளில் எழுதித்தான் கொடுக்க வேண்டும், ஜட்ஜம்மாதான் கேட்பார். டெல்லிப் பெரிய கோர்ட்டு சொன்ன வழியாம். கத்தியே பிழைத்த வக்கீலுக்குத் தொண்டை அரித்தது.

“அவரு மூஞ்சியே தெரியாதாம்ல, பயப்படாத தாயி” என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள் அம்மா சண்முகத்தாய். வயது பிசகினால், எங்கள் கம்பெனியில் சின்னப்பிள்ளையே கிடையாது, இவள் சொல்வது அத்தனையும் பொய் என்று வக்கீல் வழக்கையே ஊதிவிடுவார்.

“ஒனக்கு எத்தன வயசும்மா?” என்றார் ஜட்ஜம்மா.

துணிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்.

“பதினஞ்சு.”

பக்கத்தில் நின்ற சண்முகத்தாய்க்கு உயிரே போய்விட்டது. வக்கீல் குரலில் சீனிப்பாகு காய்ச்சி, “பதி...னஞ்சு. குறிச்சுக்கிடுங்கம்மா” என்றார்.

நாற்காலியிலிருந்து தரைக்கு எட்டாமல் தொங்கிய கால்களை ஜட்ஜம்மா பார்த்தார். தண்ணீர் கொடுக்கச் சொல்லி, மறுபடி கேட்டார். மறுபடி இருமல். மாரிசெல்வியின் உதடு தானாகக் குவிந்தது. பல்லால் கடித்துப் பிடித்தாள். வெந்த கை அம்மாவின் சேலையைச் சுருட்டியது.

“அவுகள இருமாம இருக்கச் சொல்லுங்கம்மா. அவுக இருமுனா எனக்குப் பதினஞ்சுதான் வருது.”

இருமலையும் சேர்த்தே அடிக்கும்படி ஜட்ஜம்மா டைப்பிஸ்ட்டிடம் சொன்னார். பிறகு அவள் நிஜ வயதைச் சொன்னாள். யார் பழக்கியது என்பதையும் சொன்னாள்.

“கதவப் பூட்டுனது யாரு?”

“அவுகதான். சன்னல் வழியா பாத்தேன். சாவிய மடியில சொருகிக்கிட்டு, சோதனைக்கு வந்தவுக ஜீப்பப் பாக்கப் போனாக.”

துணிக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் வரவில்லை.