மாமி மேக் போட்டிருக்கிறார்

சிவப்புத் துண்டை மாடிக் கம்பியில் போட்டு, இரண்டு கிளிப் மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் விசாலாக்ஷி மாமி உள்ளே போய் எண்டர் தட்டுவார். துண்டு தொங்கினால் எதிரே மாவு மில்லில் வேலு மோட்டாரைப் போடக்கூடாது. போட்டால் தெருவிலுள்ள விளக்கெல்லாம் ஒரு கணம் மங்கும். மாமியின் கம்ப்யூட்டர் செத்துப் பிழைக்கும். 1997-இல் மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு இருந்த ஒரே சிக்னல் அதுதான்.

மாமி கல்லூரியில் புவியியல் நடத்துபவர். வரைபடம் போடும் மென்பொருளை விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகாது. வெளிநாட்டில் யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்ட ஒன்று அவருக்கு சிடியில் கிடைத்தது. ஆனால் அது சமைத்த சாப்பாடு இல்லை, மளிகைச் சாமான். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றி, கடைசியில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதற்கான கட்டளை 'மேக்'. மாமியின் பழைய 486 கம்ப்யூட்டருக்கு அது ஏழு மணி நேர வேலை. பிழை வந்தாலும், புதுப் பதிப்பு வந்தாலும் மறுபடி போட வேண்டும். அத்தனை நேரமும் காபி டம்ளரோடு எதிரே உட்கார்ந்து, திரையில் ஓடும் வரிகளை உதட்டசைத்துப் படிப்பார். மிக்ஸி கூடாது, இஸ்திரி கூடாது.

தெருவே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது. "இன்னா மாமி, மேக் முடிஞ்சிச்சா? மொளகா டின்னு வரிசையா காத்துக்கினு கீது!" என்று வேலு கீழிருந்து குரல் கொடுப்பார். "ஓடிண்டிருக்குப்பா, செத்த பொறுத்துக்கோ" என்பார் மாமி. அந்தச் செத்த நேரம் சாயங்காலம் வரை நீளும். எங்கள் வீட்டுச் சப்பாத்தி பல நாள் உப்புமாவானது இப்படித்தான்.

இத்தனையும் கிணறுகளுக்காக. தெருமுனையில் முன்னூறு அடிக்குப் போர்வெல் போடத் தெருச் சங்கம் தயாராக இருந்தது. போர் போட்டு உறிஞ்சினால் கடல் உப்பு கிணறுகளுக்குள் வந்துவிடும் என்று மாமிக்குப் பயம். நான்கு மாதம், வாரம் தவறாமல், ஐம்பத்தெட்டு வீட்டுக் கிணற்றிலும் கயிறு விட்டு ஆழம் அளந்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்து, 'தேவலை', 'கரிக்கிறது' என்று நோட்டில் குறித்தார். உப்பு எதுவரை வந்திருக்கிறது என்று கையால் கோடு வரைந்து காட்டியபோது சங்கச் செயலாளர் சிதம்பரநாதன், "இது நீங்க இஷ்டத்துக்குப் போட்ட கோடு மேடம்" என்று சொல்லிவிட்டார். மாமிக்கு அது சுருக்கென்று தைத்தது. கம்ப்யூட்டரே போடட்டும் கோட்டை என்று இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு.

வியாழக்கிழமை ஆறாவது மணி நேரத்தில் யாரோ அவசரத்தில் மில் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கடைசிப் படியில் பிழை. மறுபடியும் பிழை. மின்சாரம் தடுமாறியபோது அரைகுறையாக எழுதப்பட்ட கோப்புகள் முழுசானவை போல உள்ளே உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். "இவ்ளோ பண்ணினதை அழிக்க மனசே வரலையே" என்று மாடியிலிருந்து புலம்பினார்.

வேலு நிமிர்ந்து பார்த்தார். "மொளகா அரச்ச மிஷின்ல அப்டியே கோதும போட்டா இன்னா ஆவும் மாமி? புடி அரிசி போட்டு உள்ள கீறத தள்ளிட்டுதான் போடணும்."

மாமி சிரித்துவிட்டார். "நாளைக்குப் பூரா மோட்டாரை நிறுத்தணும்ப்பா. சனிக்கிழமையாச்சே."

"போர் வேணும்னு மொத கையெழுத்து போட்டவனே நாந்தான். ஆனா நீ அளந்ததுல நம்ம கெணறும் கீதுல்ல? பாத்துடுவோம்."

சனிக்கிழமை மில் வாசலில் டின்கள் தெருமுனை வரை நின்றன. வேலு எல்லாரிடமும் திட்டு வாங்கினார். மாலை ஐந்தரைக்குத் துண்டு இறங்கியது. தெருவில் கைதட்டல் கேட்டது, நானும் தட்டினேன்.

நான்கு தாள்களை ஒட்டி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சடித்த வரைபடம் கூட்டத்தில் விரிந்தது. போர் போடாமலே உப்புக் கோடு நான்கு மாதத்தில் நான்கு வீடு மேற்கே வந்திருந்தது. ஐந்தாவது மில். வேலு அந்தப் புள்ளியில் விரலை வைத்து வெகுநேரம் நின்றார். போர் வேண்டுமென்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது, எப்போதும் முதலில் எழும் அவர் கை எழவில்லை. அதைப் பார்த்து, எழுந்த கைகளில் பலவும் இறங்கின. போர் போடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, நாங்கள் அடையாறுக்குக் குடிபோன பிறகு, ஒருநாள் மாமியைப் பார்க்கப் போனேன். புதுக் கம்ப்யூட்டர், பக்கத்தில் யூபிஎஸ். மேக் இப்போது முக்கால் மணி நேரந்தானாம். துண்டுக்கு வேலையில்லை. அந்தச் சிவப்பைக் கம்பியில் காணாதது எனக்கு என்னவோ போலிருந்தது.

மாமி கட்டளையை அடித்துவிட்டு, எண்டர் தட்டாமல் நிறுத்தினார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய் நெடி மாடி வரை ஏறியது.

"அதான் யூபிஎஸ் இருக்கே மாமி, தட்டுங்கோ" என்றேன்.

"இருக்கட்டும். அவன் முடிச்சுக்கட்டும்."

மோட்டார் ஓய்கிற வரை எண்டரின் மேல் விரலை வைத்தபடி, அழுத்தாமல், ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.