ஐஸ் வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம்

எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தை இழுத்து மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று நான் கேசரி கிளறினேன். பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷம். இந்த அமெரிக்க ஊரில், பிளசன்டனில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளெல்லாம் பாட்டு, பரதநாட்டியம் என்று லட்சணமாக இருக்க, என் பதின்மூன்று வயதுப் பெண் மட்டும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கையில் மட்டையோடு ஐஸ் மேல் பையன்களோடு முட்டி மோதிக்கொண்டிருந்தாள். அவளுடைய முதல் ஆட்டத்தில் ஒருவன் வந்து இடிக்க, அவள் சுவரில் மோதி விழுந்தாள். நான் அழுதுகொண்டே காருக்கு ஓடிவிட்டேன். அதற்கப்புறம் நான்கு வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை. கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் அவள் அப்பாதான்.

அடுத்த அரங்கம் விரிகுடாப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மணி நேர டிரைவ். "அதெல்லாம் ஆகற கதையில்ல. ஹாக்கிக்கு இதோட ஒரு முழுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. கடைசி ஆட்டத்துக்கு மட்டும் நான் வரவேண்டும் என்றாள். இதற்குமா மாட்டேன் என்பது?

ஆட்டம் சனிக்கிழமை மதியம். அன்று காலையில்தான் நாங்கள் வாங்கிய புது வேனுக்குக் கோயிலில் பூஜை. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. மிச்சமிருந்த ஒன்றைக் குருக்கள் என் கையில் கொடுத்தார். நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்ற நேரமில்லை. அரக்குப் பட்டு, மேலே ஸ்வெட்டர், காலில் ஸ்னீக்கர்ஸ். இந்தக் கோலத்தில் உள்ளே நுழைந்தேன்.

குளிர் எலும்பு வரை போயிற்று. சுற்றிலும் பாப்கார்னும் நாள்பட்ட சாக்ஸும் கலந்த நாற்றம். ஆனால் ஜனங்கள்! திருவிழாக் கூட்டம்தான். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவது முடிந்ததும், கீறல் விழுந்த ஐஸைத் தேய்த்து வழவழப்பாக்கும் ஒரு பெரிய வண்டி பலூன் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தது. அதற்கு அதுதான் கடைசி ரவுண்டாம். அதை ஓட்டும் கிழவர், தன் பக்கத்து சீட்டில் யாராவது ஒரு அம்மா ஏறலாம் என்று கூவினார். என் பட்டுப்புடவை அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"அய்யய்யோ, நான் இல்லப்பா!" என்று நான் கத்தக் கத்த, மற்ற அம்மாக்கள் என்னைத் தள்ளிக்கொண்டு போய் வண்டியருகே நிறுத்தினார்கள். ஒரு காலைப் படியில் வைத்தவள், சட்டென்று இறங்கி, "ஒன் மினிட்!" என்று கைப்பையைத் துழாவினேன். எலுமிச்சம்பழத்தை எடுத்து முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பவ்யமாகக் காத்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் சக்கரத்தை ஏற்றினார் பாருங்கள், பழம் பச்சக்!

அப்புறம் என்ன, ஒரே அமர்க்களம். தேர்தல் ஜீப்பில் போகிற வேட்பாளர் மாதிரி இரண்டு பக்கமும் கைகாட்டிக்கொண்டு போனேன். அரங்கமே எழுந்து நின்று கத்தியது. என் பெண்ணின் குழு மொத்தமும் மட்டையால் சுவரைத் தட்டியது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இறங்கி வந்ததும் அவள் அப்பா கேட்டார், "ஏம்மா, எலுமிச்சம்பழம் பொறப்படற வண்டிக்குத்தான வெப்பாங்க? நிறுத்தப்போற வண்டிக்கு யாராவது வெப்பாங்களா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அட ஆமாம்! எது முடியவேண்டும் என்று வந்தேனோ, அதற்கு நானே பிள்ளையார் சுழி போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசிப் பகுதியைக் கண்ணை மூடாமல் பார்த்தேன். வீட்டில் கேள்விக்கு ஒரு வார்த்தைக்கு மேல் பதில் சொல்லாத பெண், அங்கே எல்லாரையும் பேர் சொல்லி அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். பின்பக்கமாகவே சறுக்கினாள். மூன்று தடவை விழுந்தாள். நான் "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் எழுந்து பறந்தாள். "விடாதடி, அவன விடாத!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தோற்றுத்தான் போனார்கள். எனக்கு அது தோல்வியாகவே படவில்லை. என் பெண்ணை நான் நான்கு வருஷம் பார்க்காமலே இருந்திருக்கிறேன் என்பதுதான் உறைத்தது.

ஆட்டம் முடிந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேட்ஸின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "தேங்க்ஸ் ஃபார் கமிங், அம்மா. ஸ்கேட்ஸ யாருக்காவது குடுத்துடலாம். ஐ'ம் டன்" என்றாள். குரல் உடையாமல் சொன்னாள், கழுதை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் பிராக்டிஸ் எத்தன மணிக்கு?"

நிமிர்ந்தாள். "ஃபைவ் தர்ட்டி. மார்னிங்."

"அப்பா தூங்கட்டும். நான் டிரைவ் பண்றேன்."

"அம்மா, யூ டோன்ட் டிரைவ் ஆன் த ஃப்ரீவே!"

உண்மைதான். எட்டு வருஷமாக இந்த ஊரில் இருந்தும், வண்டிகள் பறக்கிற அந்த ஃப்ரீவே பக்கம் பயத்தில் நான் காரை ஓட்டிக்கொண்டு போனதே இல்லை.

"பழகிக்கறேன். நீ மட்டும்தான் விழுந்து எழுந்திரிக்கணுமா?"

அவ்வளவுதான், தோள் கவசத்தோடு அப்படியே என் மேல் பாய்ந்தாள். பெஞ்சு சாய்ந்து இரண்டு பேரும் தரையில் கிடந்தோம்.