முப்பத்தஞ்சு வயசில ஒருத்தரும் இல்லாத வீடு

இண்டைக்குக் காலமை எங்கட வெள்ளவத்தை ஃப்ளாட்டுக்கு மிட்வைஃப் மிஸ் வந்தவ. முப்பத்தஞ்சு வயசுப் பெண்களுக்கு கிளினிக்கில கர்ப்பப்பைக் கழுத்துக் கேன்சர் டெஸ்ட் இலவசமாம்.

பக்கத்து வீட்டு அன்ரி சொன்னா: "எங்கட வீட்டில அந்த வயசில ஒருத்தரும் இல்லை, மிஸ்."

அவவுக்குப் பின்னால செல்வி நிலம் துடைச்சுக்கொண்டு நிண்டா. போன கிழமைதான் அவவுக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சது.

"செல்வி இருக்கிறாதானே, அன்ரி?" எண்டு நான் கேட்டன்.

"அவ வேலைக்கு நிக்கிறவ. அவவுக்கு ஊரில, தேயிலைத் தோட்டத்தில செய்வினம்."

தோட்டத்துக்கு அவவை அனுப்புறதே வருஷத்தில ஒருக்கா, தீபாவளிக்கு. அண்டைக்கு எந்த கிளினிக் திறந்திருக்கும்?

மிஸ் செல்வியிட்டயே பேரைக் கேட்டு எழுதி, புதன்கிழமை கிளினிக்குக்கு வரச் சொன்னா. அன்ரிக்கு முகம் கறுத்திட்டுது. "புதன்கிழமை இவ கிளினிக்குக்குப் போனா குசினியில ஆர் சமைக்கிறது?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

உங்கட வீட்டிலயும் அந்த வயசில ஒருத்தரும் இல்லையோ? ஒருக்கா குசினியையும் எட்டிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ.