புதுச் சிப்

இடம்பெயர்வதற்கு முதல் அக்கராயனில் எல்லோரும் வளவுக்குள் கிடங்கு வெட்டிச் சாமான்களைப் புதைத்தார்கள். அம்மா தையல் மெசினை உரப்பையில் சுற்றி இறக்கும்போது, அண்ணா தான் செய்த கொம்பியூட்டர் பலகையைக் கொண்டுவந்து நீட்டினான். ரேடியோ திருத்தும் கடையில் வேலை பழகியவன். பழுதான மெசின்களில் கழற்றிய பாகங்களை வைத்தே அதைச் செய்திருந்தான்.

"கவனமா வையுங்கோ அம்மா. திரும்பி வரேக்க இது உங்களோட கதைக்கும்."

திரும்பி வந்தது அம்மாவும் நானும்தான். போரின் கடைசி நாட்களில் சனத்துக்குள் பிரிந்துபோன அண்ணா எங்கே என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

கிடங்கைத் தோண்டியபோது எல்லாம் ஈரமாக இருந்தன. அம்மா பலகையைத் துடைத்து, மிளகாய் காயவைக்கிற சுளகில் பரப்பி, நாட்கணக்காக வெயிலில் காயவிட்டார். பிறகு தன் கூறைச்சேலைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்தார்.

எங்கள் பக்கம் மின்சாரம் வந்ததும், வவுனியாவில் ரீவி திருத்துகிற மாமாவை அம்மா கூப்பிட்டார். தன் தம்பியாரான அவரிடம் அம்மா கேட்டது ஒன்றுதான்: பிள்ளை அதற்குள் என்ன எழுதினான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பலகை தானாக இயங்கவில்லை. மாமா ஒரு மொனிற்றர் நிரலைத் தேடி எடுத்துவந்தார். மொனிற்றர் என்றால் திரை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது வேறு. கணினியின் நினைவகத்தில் கிடப்பதை இலக்கங்களாக எடுத்துக் காட்டும் சின்ன நிரல். எந்தக் காலத்திலோ வேறொரு கணினிக்காக எழுதப்பட்டது. அண்ணாவின் பலகையில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. மாமா மீற்றரை வைத்து ஒவ்வொரு கோடாகத் தடவிக் கண்டுபிடித்து, நிரலில் இருந்த முகவரிகளை மாற்றினார்.

"உன்ர கொண்ணன், குரங்கு, ஒரு படமாவது கீறி வச்சிருக்கலாமெல்லோ" என்று என்னிடம் ஏசினார். ஏச்சில் செல்லம் இருந்தது.

மாற்றிய நிரலை வேறொரு சிப்பில் ஏற்றி, அண்ணா எழுதியது இருக்கவேண்டிய சிப்பைப் பக்கத்துக் குழியில் பொருத்தினார். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இன்னும் சில முகவரிகளை மாற்றிய பிறகு, பலகையோடு இணைத்திருந்த மாமாவின் மடிக்கணினித் திரையில் ஒரு புள்ளி வந்து நின்றது. அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

மாமா தட்டினார். FF FF FF. வரிக்கு வரி அதுவே. கடைசிவரை அதுவே. எதுவும் எழுதாத இடம் அப்படித்தான் காட்டுமாம்.

அவர் அண்ணாவின் சிப்பைக் கழற்றி, அதன் முதுகிலிருந்த சின்னக் கண்ணாடியை விரலால் தடவினார்.

"அக்கா, இதில கறுப்பு ரேப் ஒண்டு ஒட்டியிருந்ததோ?"

"ஓம். ஒரே சேறு. உரிச்சுப்போட்டு வெயிலில நல்லாக் காயவச்சனான்."

மாமா சிப்பைத் துணியால் துடைத்தார். பிறகு சொன்னார்: "இது புதுச் சிப் அக்கா. அவன் இன்னும் எழுதேல்லை."

"அப்ப வந்துதான் எழுதப்போறான்" என்றார் அம்மா. அவருடைய முகம் தெளிந்தது. எனக்கோ அண்ணாமேல் கோபம் வந்தது. கதைக்கும் என்று பொய் சொல்லிவிட்டானே.

மாமா சிப்பின் கண்ணாடிக்கு மேல் புதுக் கறுப்பு ரேப் ஒட்டி அம்மாவிடம் கொடுத்தார். வெறும் சிப்புக்கு எதற்கு ரேப் என்று கேட்டேன். போய் விளையாடச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தக் கண்ணாடிக்குள் வெயில் நாட்கணக்காக விழுந்தால் எழுதியதெல்லாம் அழிந்து, சிப் புதிதுபோல் ஆகிவிடும் என்று அங்கேதான் படித்தேன்.

போன விடுமுறையில் அம்மா கூறைச்சேலையை அவிழ்த்தார். "நீ படிச்சனியெல்லோ தம்பி. மாமாக்கு விளங்காமல் இருந்திருக்கும். ஒருக்காப் பார்."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"புதுச் சிப்தான் அம்மா. அண்ணா இன்னும் எழுதேல்லை."